மர்ஃபி டவுனிலிருந்து பெல்லந்தூர்: 12 கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்?

2024 ஜனவரியில் மர்ஃபி டவுனில் எங்கள் கீழ் வீட்டுக்கு ஒரு தம்பி குடிவந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பெங்களூரில் முதல் வேலை. அலுவலகம் பெல்லந்தூரில், அவுட்டர் ரிங் ரோட்டில், என் அலுவலகத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி. முதல் வாரத்திலேயே, நான் சைக்கிளை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "அண்ணாச்சி, இதுலயா ஆபீஸ் போறிய? எவ்வளவு நேரம் ஆவும்?"

"அம்பது நிமிஷம் தம்பி."

அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. முந்தின நாள் அலுவலக கேப்பில் போய்ச் சேர அவனுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதைவிட வேகமாக ஒரு சைக்கிள் எப்படிப் போகும்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வாட்ச்மேன், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அருகே ஆட்டோ நிறுத்தியிருக்கும் தமிழ் டிரைவர்கள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "அம்பது நிமிஷம்" என்று சொல்லிவிடுவேன். அந்த எண் எவ்வளவு உண்மை, அதில் எது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பதை 2023 ஜூனிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். 2024 மார்ச் வரை 94 காலைப் பயணங்களும் 91 மாலைப் பயணங்களும் அதில் இருக்கின்றன. ஒரே ஆள், ஒரே சைக்கிள், ஒரே நகரம் என்பதால் ஊருக்கே பொதுவான கணக்காக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பெங்களூரில் சைக்கிளில் வேலைக்குப் போக நினைக்கும் ஒருவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று இது காட்டும்.

என் அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1970களில் மர்ஃபி டவுன், அல்சூர், காக்ஸ் டவுன் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., என்.ஜி.இ.எஃப். என்று ஏதாவது ஒரு தொழிற்சாலைதான் சோறு போட்டது. டைனமோ விளக்கு, கேரியரில் டிபன் பாக்ஸ், இரும்புச் சைக்கிள். வீட்டிலிருந்து எச்.ஏ.எல். கேட்டுக்குச் சுமார் ஏழு கிலோமீட்டர். "ஆறரைக்கு வீட்டுல, ஏழுக்கு கேட்டுல" என்பார். மழையோ பனியோ, அந்த அரை மணி நேரம் மாறியதாக நினைவில்லை. சங்கு ஊதும் வேலைக்குப் போகிறவருக்கு அப்படி மாறாத நேரம்தான் முக்கியம். வேகத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. இதை நான் புரிந்துகொள்ள நோட்டில் பல பக்கங்கள் நிரம்ப வேண்டியிருந்தது.

வழி

முதலில் ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். சைக்கிளில் போக ஆரம்பித்தபோது, கேப் போகும் வழியிலேயே நானும் போனேன். ஓல்ட் மெட்ராஸ் ரோடு, இந்திரா நகர் நூறடி ரோடு, தொம்மலூர், பழைய ஏர்போர்ட் ரோடு, மாரத்தஹள்ளி, அங்கிருந்து ரிங் ரோட்டில் தெற்கே இறங்கி பெல்லந்தூர். 15 கிலோமீட்டர். வீட்டு கேட்டிலிருந்து அலுவலக கேட் வரை 64 நிமிடம் ஆனது. அதில் சக்கரம் சுற்றியது 50 நிமிடம், நின்றது 14 நிமிடம்.

பதினான்கு நிமிடம் நிற்பது என்றால் என்ன என்று சைக்கிளில் போகிறவருக்குத்தான் தெரியும். தொம்மலூரில் ஒரு சிக்னலை இரண்டு முறை தவறவிட்டால் அங்கேயே நான்கு நிமிடம் போய்விடும். மாரத்தஹள்ளி பாலத்தடியில் பஸ்கள் ஓரம் கட்டி ஆள் ஏற்றும். இடது ஓரம்தான் சைக்கிளுக்குரிய இடம், ஆனால் அங்கே பஸ் நிற்கும். பஸ்ஸுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலப்பக்கம் ஒதுங்கி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைய வேண்டும். நான் எப்போதும் காத்திருந்தேன். யாரும் நுழைய வேண்டாம் என்றே இன்றும் சொல்வேன்.

இரண்டாவது மாதம் வழியை மாற்றினேன். நூறடி ரோட்டை விட்டுவிட்டு எண்பதடி ரோடு, ஜீவன் பீமா நகர் வழியாகப் பழைய ஏர்போர்ட் ரோட்டைப் பிடிப்பது. எச்.ஏ.எல். தாண்டி மாரத்தஹள்ளி வரை போகாமல் வலது பக்கம் திரும்பி யெமலூர், கரியம்மன அக்ரஹாரா வழியாக ரிங் ரோட்டில் ஏறுவது. 12 கிலோமீட்டர்தான். யெமலூர் ரோடு குறுகல், ஹம்ப்ஸ் (வேகத்தடைகள்) அதிகம், தண்ணீர் டேங்கர்கள் வரும். ஆனால் சிக்னல் கிட்டத்தட்ட இல்லை. ஜீவன் பீமா நகரில் காலை எட்டு மணிக்கு மர நிழலும் காக்கா கரையலும் இருக்கும். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் தினமும் கன்னடப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார்.

புதிய வழியில் கேட்டிலிருந்து கேட்டுக்குச் சராசரி 49 நிமிடம் ஆனது. ஓட்டியது 41, நின்றது 8. பதினைந்து நிமிடம் மிச்சம். என் கால்களில் எந்த மாற்றமும் இல்லை. பார்க்கப்போனால் ஓட்டும் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரிலிருந்து 17.6 ஆகக் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது, ஹம்ப்ஸ் அதிகம் என்பதால்.

நோட்டில் இருப்பது

புது வழியில் போன காலைகளில் பெரும்பாலானவை 46 நிமிடத்துக்கும் 53 நிமிடத்துக்கும் நடுவில் அடங்கிவிட்டன. மிகக் குறைந்தது 43, ஒரு சனிக்கிழமை. மிக அதிகம் 78, யெமலூரில் பின் டயர் பங்சரான நாள். பங்சர் கடைக்காரர் டியூபை ஒட்டிவிட்டார். ஆனால் காற்றடிக்க முடியவில்லை. என் சைக்கிளின் வால்வு ஒல்லியான வெளிநாட்டு ரகம், அவருடைய கம்ப்ரஸர் முனை அதில் உட்காரவில்லை. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சின்ன பித்தளை அடாப்டர் பையில் இருந்திருந்தால் இருபது நிமிடம் மிஞ்சியிருக்கும். அன்றிலிருந்து சாவிக்கொத்திலேயே அது தொங்குகிறது.

இனி இதே தூரத்தைக் காரில் போவதோடு ஒப்பிடலாம். உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் காரில் போகச் சராசரியாக 28 நிமிடம் 10 வினாடி ஆனது. உலகத்தின் மிக மெதுவான நகரங்களின் வரிசையில் ஆறாவது. அதற்கு முந்தைய ஆண்டு 29 நிமிடம் 10 வினாடி, லண்டனுக்கு அடுத்து இரண்டாவது இடம். என் சைக்கிளின் கணக்கில் 10 கிலோமீட்டருக்கு 41 நிமிடம். வித்தியாசம் பதின்மூன்று நிமிடம்தான். அதுவும் டாம்டாம் சொல்வது வருடம் முழுவதற்குமான சராசரி. அந்தச் சராசரியில் நள்ளிரவு காலி ரோடும் சேர்ந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ரிங் ரோட்டில் நிற்கிறவருக்குச் சராசரி எந்த ஆறுதலும் தராது.

முன்பு நான் கேப்பில் போன நாள்களும் நோட்டின் முதல் பக்கங்களில் இருக்கின்றன. மிகக் குறைந்தது 45 நிமிடம், மிக அதிகம் ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒன்பதரைக்கு மீட்டிங் என்றால் எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும், ஏனென்றால் அன்றைய நாள் எந்த நாளாக இருக்கும் என்று தெரியாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்த நாளில் மிஞ்சிய நேரம் கேன்டீனில் கழியும். சைக்கிளுக்கு 55 நிமிடம் ஒதுக்கினால் போதும். அதனால் "சைக்கிளில் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கிறவரிடம், "எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்?" என்று கேட்கச் சொல்வேன். அந்தக் கணக்கில் எங்கள் வழியில் காலை வேளையில் சைக்கிள் காரைத் தோற்கடித்துவிடுகிறது.

நேர்மையாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 49 நிமிடம் கேட்டிலிருந்து கேட் வரைதான். படியில் இறக்கி, ஹெல்மெட் மாட்டி, காற்று பார்க்க 3 நிமிடம். அலுவலகத்தில் பேஸ்மென்டில் பூட்டி, முகம் கை கால் கழுவி, சட்டை மாற்றி, இருக்கைக்கு வர 14 நிமிடம். மொத்தம் 66. சைக்கிளில் போகிறவர்கள் இந்தப் பதினேழு நிமிடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டவன்தான். புதிதாக வருகிறவர் அதை நம்பிக் கிளம்பி, முதல் வாரமே தாமதமாகி, சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறார். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வருடத்தின் பல மாதங்களில் காலை எட்டு மணிக்கு வியர்வை ரொம்பக் கொட்டாது. ஈரத்துண்டால் துடைத்தாலே போதும். 2024 மார்ச்சில் ஊரெல்லாம் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது அலுவலகத்தில் ஷவரைப் பூட்டிவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க ஒரு பாட்டில் தண்ணீரும் துண்டும்தான். நேரமும் நான்கு நிமிடம் குறைந்தது.

தம்பியின் சைக்கிள்

பிப்ரவரியில் தம்பி கேபை விட்டுவிட்டு என்னோடு வர ஆரம்பித்தான். என்னிடம் இருப்பது கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள். அவன் சிவாஜி நகரில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தான், கியர் இல்லாதது, கனமானது. "முப்பதாயிரம் ரூவா போட்டு வாங்கினாத்தான் அண்ணாச்சி உங்க வேகத்துக்கு வர முடியும்" என்றான். அளந்து பார்த்துவிட்டு வாங்கலாம் என்றேன்.

முதல் ஐந்து நாள் அவனுடைய சராசரி 57 நிமிடம். ஆனால் அவன் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தபோது முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கிற மாதிரி இருந்தது. சீட் அவ்வளவு தாழ்வு. நிற்கும்போது இரண்டு காலும் தரையில் படிய வேண்டும் என்று கடைக்காரர் வைத்துக் கொடுத்த உயரம் அது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதியின் மேல் குதிகாலை வைத்தால் கால் நீண்டு நேராக வேண்டும், அதுதான் அளவு. ஐந்து விரல்கடை ஏற்றினோம். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அவனுடையதில் அதில் பாதிகூட இல்லை. காற்று அடித்தோம், செயினுக்கு எண்ணெய் விட்டோம். செலவு நாற்பது ரூபாய். அடுத்த பத்து நாள் சராசரி 52.

எனக்கு 49, அவனுக்கு 52. அவன் வயது என் வயதில் பாதி என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்தான். ஆனாலும் முப்பதாயிரம் ரூபாய் வாங்கித் தரும் நேரம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. 12 கிலோமீட்டரை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 48 நிமிடம். 18இல் ஓட்டினால் 40. 20இல் ஓட்டினால் 36. பதினெட்டிலிருந்து இருபதுக்குப் போக மூச்சு வாங்க மிதிக்க வேண்டும், கிடைப்பது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தை ஒரு நீண்ட சிக்னல் அப்படியே எடுத்துக்கொள்ளும். என்னை முந்திப் போன எத்தனையோ பேரை அடுத்த சிவப்பு விளக்கில் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

கியரின் அருமை மாலையில்தான் தெரிகிறது. பெங்களூர் மேடும் பள்ளமுமாக உருண்டு கிடக்கும் ஊர். எங்கள் பக்கத்து மேட்டில் விழும் மழைநீர் ராஜகால்வாய்கள் என்கிற பெரிய வடிகால்களில் இறங்கி ஏரிக்கு ஏரி போய், தென்கிழக்கில் பெல்லந்தூர் ஏரியில் சேர்கிறது. என் அலுவலகம் அந்தத் தண்ணீர் போகும் திசையில் இருக்கிறது, அதனால் காலையில் மொத்தத்தில் இறக்கம், மாலையில் ஏற்றம். யெமலூரிலிருந்து பழைய ஏர்போர்ட் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் தம்பி இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான், நான் சின்ன கியரில் மிதித்து மேலே போய்க் காத்திருப்பேன். மாலையில் எனக்குச் சராசரி 55, அவனுக்கு 63.

காற்று, மழை, பூசணிக்காய்

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாத மாலைகள் நோட்டில் தனியாகத் தெரிகின்றன. அந்த மாதங்களில் பெங்களூரில் மேற்கிலிருந்து விடாமல் காற்று வீசும். காலையில் கிழக்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மாலையில் பழைய ஏர்போர்ட் ரோட்டில் மேற்கே திரும்பினால் நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். ஜூலை மாலைகளின் சராசரி 59 நிமிடம். மழையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மொத்தமாகக் கூட்டினால் என் நேரத்தை அதிகம் தின்றது காற்றுதான்.

மழை வேறு மாதிரி. ஊரின் பெரிய மழைகள் பெரும்பாலும் மாலையில்தான் வருகின்றன, செப்டம்பரிலும் அக்டோபரிலும் அதிகம். தூறலில் ஓட்டலாம், மூன்று நான்கு நிமிடம் கூடும். இடியோடு கொட்டினால் பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி நிற்பதைத் தவிர வழியில்லை. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் ரிங் ரோடும் பெல்லந்தூர்ப் பக்கத்து லேஅவுட்டுகளும் மூழ்கி, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போன வாரத்தை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை விடவே கூடாது. அடியில் திறந்த சாக்கடை மூடி இருக்கலாம். அன்றைக்கு நேரக் கணக்கெல்லாம் வேண்டாம்.

அப்புறம் பூசணிக்காய். 2023இல் ஆயுத பூஜை அக்டோபர் 23. இரண்டு நாள் கழித்து வேலைக்குக் கிளம்பியபோது ஒவ்வொரு முனையிலும், ஒவ்வொரு ஒர்க்‌ஷாப் வாசலிலும் உடைத்த பூசணிக்காய் வண்டிச் சக்கரங்களில் நசுங்கிக் கிடந்தது. ஜீவன் பீமா நகர் திருப்பத்தில் முன் சக்கரம் அதில் ஏறி வழுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. பின்னால் வேகமாக ஒரு வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. திருஷ்டி கழிக்கிறவர்கள் உடைத்த பிறகு ஓரமாகத் தள்ளிவிட்டால் இரண்டு சக்கரத்தில் போகிற எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அன்றைய நேரம் 61.

கடைசி ஒரு கிலோமீட்டர்

கரியம்மன அக்ரஹாரா ரோடு ரிங் ரோட்டில் போய் முட்டும் இடத்திலிருந்து என் அலுவலகம் எதிர்ப்பக்கம். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு 7 நிமிடம் ஆகிறது. 12 கிலோமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்குத் தூரம், ஏழில் ஒரு பங்கு நேரம். சர்வீஸ் ரோட்டில் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்பு, எதிர்த்திசையில் வரும் பைக்குகள், மேம்பாலத்துக்கு அடியில் கடக்கக் காத்திருப்பு. மொத்தப் பயணத்தில் எனக்குப் பயம் வரும் ஒரே இடம் அதுதான்.

இதே ரிங் ரோட்டில் 2020இல், கொரோனா காலத்தில், கே.ஆர். புரம் பக்கத்திலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டருக்குச் சைக்கிளுக்கென்று தனிப் பாதை ஒதுக்கினார்கள். பஸ் பாதைக்குப் பக்கத்தில், நடுவில் கம்பங்கள் நட்டு. நான் அதில் ஓட்டியிருக்கிறேன். சைக்கிளில் போகிறவன் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று ரோடே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் கம்பங்கள் உடைந்தன, பைக்குகள் உள்ளே வந்தன, மெட்ரோ வேலை தொடங்கியது, பாதை காணாமல் போயிற்று. மெட்ரோ வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தூண்களுக்குக் கீழே ரோட்டைத் திரும்பப் போடும்போது அந்தப் பாதையையும் திரும்பப் போட வேண்டும். எனக்கு மிஞ்சுவது மூன்று நிமிடமாகத்தான் இருக்கும். ஆனால் யெமலூர்ப் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் கியர் இல்லாத சைக்கிளில், விளக்குகூட இல்லாமல், அந்த ரோட்டைத் தினமும் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்னை மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டு போகிறவர்கள் இல்லை, வேறு வழி இல்லாததால் போகிறவர்கள்.

மார்ச் கடைசி வாரம் தம்பி தனியாகப் போக ஆரம்பித்தான், அவனுடைய ஷிஃப்ட் மாறிவிட்டது. காலை 7.10க்குக் கிளம்புகிறான். அந்த நேரத்தில் ஜீவன் பீமா நகரிலும் எச்.ஏ.எல். முன்னாலும் ரோடு காலியாக இருக்கிறதாம். முதல் நாள் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான்.

"அண்ணாச்சி, நாப்பத்தாறு! எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். அவனுக்கென்று நோட்டில் ஒரு தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். ஜூன் காற்று ஆரம்பித்ததும் அவனுடைய மாலை நேரம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.